கடலோரச் சேற்றில் ஆர்க்கியா தேடப் போகிறீர்களா? அனுமதிக் கடிதம் முதல் வரிசைத் தரவு வரை

என் முதல் மாதிரித் தொகுப்பு முழுவதும் வீணானது. பிச்சாவரத்தில் பிளாஸ்டிக் வாளியால் அள்ளிய சேறு, ஆய்வகத்தில் சும்மா கிடந்த பாக்டீரியா பிரைமர் (எந்த மரபணுத் துண்டைப் பெருக்குவது என்று பிடித்துத் தரும் சிறு டிஎன்ஏ இழை), அவசரத்தில் கேட்டு வாங்கிய சீக்வென்சிங் (டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிப்பது). ஆறு மாதம் கழித்து வந்த முடிவில் ஆர்க்கியாவின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நெறியாளர் தாளைப் புரட்டிவிட்டு, "ஆர்க்கியா சேற்றில் இல்லையா, உங்கள் குழாயில் இல்லையா?" என்று கேட்டார். குழாயில்தான் இல்லை. சேற்றில் தாராளமாக இருந்தது என்பதை இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தபோது பார்த்தேன்.

முதுநிலை இறுதித் திட்டத்துக்கோ முனைவர் பட்ட முதலாண்டுக்கோ இந்த வேலையைக் கையில் எடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தொல்நுண்ணுயிரி என்று பாடநூல் சொல்லும் ஆர்க்கியா, பாக்டீரியாவைப் போலவே ஒற்றைச் செல் உயிர். சவ்வின் கொழுப்பும் செல் சுவரும் வேறு. இந்த அளவு தெரிந்தால் தொடங்கலாம். நான் எடுத்துக்காட்டும் இடம் பிச்சாவரம். முத்துப்பேட்டைக்கும் பழவேற்காட்டுக்கும் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்த சென்டிமீட்டர் என்று முதலில் தீர்மானியுங்கள்

"பிச்சாவரச் சேற்றில் ஆர்க்கியா பன்மயம்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். சேறு ஓரிடம் அன்று, அடுக்கடுக்காகப் பல இடங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் குடியிருப்பவர்கள் வேறு.

குழாயில் எடுத்த சேற்றை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு தோல். காற்றிலுள்ள ஆக்சிஜன் எட்டுவது அதுவரைதான். அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நைட்ரோசோபியூமிலஸ் வகையறாவை அங்கே எதிர்பார்க்கலாம். அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே மைக்கருப்பு. கருப்பு தொடங்கும்போதே அழுகிய முட்டை வாடை மூக்கில் ஏறும். சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியா வெளியேற்றும் ஹைட்ரஜன் சல்பைடு அது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 28 மில்லிமோல் சல்பேட் இருக்கிறது. அது தீரும்வரை ஹைட்ரஜனுக்கும் அசிட்டேட்டுக்கும் நடக்கும் போட்டியில் அந்த பாக்டீரியாவே வெல்லும். மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியா காத்திருக்க வேண்டும்.

பாடநூல் இங்கே நிறுத்திவிடும். அலையாத்திக் காட்டில் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வெண்கண்டல் மரம் உப்பைச் சமாளிக்கத் தன் இலையில் கிளைசின் பீட்டெய்ன் என்ற பொருளைச் சேர்த்துவைக்கிறது. இலை உதிர்ந்து மட்கும்போது அதிலிருந்து டிரைமெத்தில் அமைன் பிறக்கிறது. மீன் வாடைக்குக் காரணமான அதே பொருள்தான். சல்பேட் பாக்டீரியா பெரும்பாலும் அதைச் சீண்டுவதில்லை. மெத்தனோகாக்காய்டஸ், மெத்தனோலோபஸ் போன்ற ஆர்க்கியா அதைத் தின்று, சல்பேட் நிறைந்த மேலடுக்கிலேயே மீத்தேன் விடுகின்றன. "சல்பேட் இருக்கிறது, அதனால் மீத்தேன் ஆக்கிகள் இருக்காது" என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியை அங்கேதான் கேட்பார். என்னிடம் கேட்டார்.

சல்பேட் குறைந்து மீத்தேன் ஏறும் எல்லையில், காற்றில்லாமலே மீத்தேனை எரிக்கும் ஏஎன்எம்இ (ANME) என்ற ஆர்க்கியா கூட்டம் சல்பேட் பாக்டீரியாவோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. ஆழத்தில் பாத்தியார்க்கியா, தெர்மோபிளாஸ்மா வழியினர், நமக்கெல்லாம் தூரத்து உறவான ஆஸ்கார்ட் கூட்டம். இருபது சென்டிமீட்டரையும் வாளியில் கலக்கினால் இத்தனை பேரும் ஒரே குழம்பாகிவிடுவார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது.

என் பரிந்துரை: மரத்தடி ஒன்று, மரமில்லாத சேற்றுத் திட்டு ஒன்று என இரண்டு இடம். இடத்துக்கு மூன்று குழாய். குழாய்க்கு மூன்று ஆழம்: 0–1, 5–7, 18–20 செ.மீ. மொத்தம் 18 மாதிரி. பணத்தை மிச்சம் பிடிக்க மூன்று குழாயையும் ஒன்றாகக் கலந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கலந்தால் புள்ளியியலுக்கு உங்களிடம் ஒன்றுமே மிஞ்சாது. கலப்பதற்குப் பதில் ஓர் இடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. அனுமதி: ஆகஸ்டிலேயே எழுதுங்கள்

பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் தலமும்கூட (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்). சுற்றுலாப் படகில் ஏறிப் போய் ஒரு கைப்பிடி எடுத்துவந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாத மாதிரியை வைத்து எழுதிய கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்புகின்றன. விண்ணப்பம் உங்கள் பெயரில் போவதைவிடத் துறைத்தலைவர் வழியாக மாவட்ட வன அலுவலருக்குப் போவது நல்லது. சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். தலைமை வனவிலங்குக் காப்பாளர் வரை கோப்பு ஏற வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளை முதல் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இணைக்க வேண்டியவை: ஒரு பக்கத்தில் ஆய்வுச் சுருக்கம், அட்சரேகை, தீர்க்கரேகை குறித்த வரைபடம், எடுக்கப்போகும் சேற்றின் மொத்த எடை, வருகிறவர்களின் பெயரும் அடையாள அட்டை நகலும், தேதிகள், முடிவின் பிரதியைத் துறைக்குத் தருவதாக ஓர் உறுதிமொழி. எடையை எழுத மறக்காதீர்கள். "மண் மாதிரிகள்" என்று மட்டும் எழுதினால் லாரியில் அள்ளப் போகிறீர்களா என்ற ஐயம் எழும். "மொத்தம் 10 கிலோவுக்கு மிகாமல் ஈரச் சேறு" என்று எழுதினால் பேச்சு முடிந்தது. தேதியை ஒரே நாளாகக் குறிப்பிடாமல் மூன்று மாத இடைவெளியாகக் கேளுங்கள். வானிலை உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பதில்லை.

இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். ஓர் அலுவலகத்தில் என் கோப்பு ஐந்து வாரம் நகரவில்லை. நேரில் போய் விசாரித்தபோது, தொல்லியல் துறையின் தடையின்மைச் சான்று ஏன் இணைக்கவில்லை என்று கேட்டார்கள். நான் எழுதியிருந்தது "தொல்லுயிரிகள் ஆய்வு". அவர்கள் மேல் தவறில்லை. விண்ணப்பத்தில் "சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள்" என்று எழுதுங்கள். ஆர்க்கியா என்ற சொல் ஆய்வுச் சுருக்கத்தின் உள்ளே இருந்தால் போதும்.

இந்தியக் குடிமக்கள் இந்தியாவுக்குள்ளேயே செய்யும் கல்வி ஆய்வுக்குத் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் ஒப்புதல் தேவைப்படாது. ஆனால் வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவர் இருந்தாலோ, சேற்றையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டுக்கு அனுப்பினாலோ 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆணையம் இருப்பது சென்னை தரமணியில்தான். இதில் ஒரு மறைவான பள்ளம் உண்டு: சீக்வென்சிங் நிறுவனம் உள்ளூரில் இருக்கும், இயந்திரம் வெளிநாட்டில் ஓடும். எந்த ஊரில் ஓட்டுகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. பணத்தைக் கடைசியிலிருந்து கணக்கிடுங்கள்

எல்லோரும் படகுக் கூலியிலிருந்து கணக்கு போடுகிறார்கள். பணம் தின்பது சீக்வென்சிங்தான், அதிலிருந்து தொடங்குங்கள். நான் மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கினேன். மாதிரி ஒன்றுக்கு 4,000 ரூபாயில் தொடங்கி 8,000 வரை சொன்னார்கள். 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மாதிரி, இரண்டு வெற்றுக் கட்டுப்பாடு (சேறே போடாமல் அதே செய்முறையில் ஓட்டுவது), உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முன்பே தெரிந்த உயிர்க்கலவை ஒன்று, ஆக 21. அதுவே 1,05,000 ரூபாய். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,23,900. இந்த ஜிஎஸ்டியை மறந்துவிட்டு நிதி கேட்டவர்களில் நானும் ஒருவன்.

டிஎன்ஏ பிரிக்கும் மண் கிட், 50 மாதிரிக்கானது, எனக்கு நாற்பதாயிரத்தை ஒட்டி ஆனது. ஆர்டர் கொடுத்து வந்துசேர ஐந்து வாரம். கொள்முதல் குழுவுக்கு மூன்று விலைப்புள்ளி கேட்பார்கள். அதற்கு இன்னொரு மூன்று வாரம். படகும் ஆளும் இரண்டு நாளுக்கு ஆறாயிரம். குழாய், சிரிஞ்சு, கையுறை, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் அடங்கும். மிச்சம் பிடிக்கக்கூடாத செலவு வெற்றுக் கட்டுப்பாடு. கிட்டிலிருந்தே வரும் கலப்பட டிஎன்ஏவை உங்கள் சேற்றுடையது என்று நம்பி ஒரு அத்தியாயம் எழுதியவரை எனக்குத் தெரியும்.

4. நாள் பார்ப்பது

சோதிடருக்குப் பதில் ஓத அட்டவணையைப் பாருங்கள். நம் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் குறைவு. பிச்சாவரத்தில் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களே சேற்றுத் திட்டு நன்றாகத் தலைகாட்டும் நாட்கள். முகத்துவாரத்தில் நீர் வற்றும் நேரமும் உள்கால்வாயில் வற்றும் நேரமும் ஒன்றல்ல. அச்சிட்ட அட்டவணையை நம்பி நான் காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். படகோட்டி அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும். டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்றார். அவர் சொன்ன நேரத்துக்குத்தான் வற்றியது. முதல் நாளே அவரோடு பேசி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் நன்னீர் இறங்கி உப்பு சடசடவென்று குறையும். மேல் சேறு அடித்துச் செல்லப்படும். பருவ ஒப்பீடு உங்கள் கேள்வியாக இல்லாவிட்டால் அந்த மாதங்களைத் தவிர்த்து ஜனவரி, பிப்ரவரியில் எடுங்கள். ஆகஸ்டில் விண்ணப்பித்தால் இது சரியாகப் பொருந்தும். முகத்துவாரம் தாண்டி ஆழ்கடல் பக்கம் விசைப்படகில் போய்ச் சேறு எடுக்க நினைப்பவர்கள் கிழக்குக் கரை மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் வைக்க வேண்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கோடை விடுமுறைத் திட்டங்கள் பல அங்கே தரைதட்டின.

5. சேறு எடுக்கும் நாள்

கருவி எளியது. இரண்டரை அங்குல பிவிசி குழாய், அரை மீட்டர் நீளம். ஒரு முனையை உள்பக்கம் கூர்மையாகச் சீவிக்கொள்ளுங்கள். இரு முனைக்கும் ரப்பர் அடைப்பான். மேலடுக்குக்கு மட்டும் 50 மில்லி சிரிஞ்சின் மூக்கை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்: சிரிஞ்சைச் சேற்றில் அழுத்தும்போதே தண்டை அதே வேகத்தில் மேலே இழுக்க வேண்டும். இழுக்காமல் அழுத்தினால் சேறு நசுங்கி, ஐந்து சென்டிமீட்டர் மூன்றாகிவிடும். குழாயிலும் அதே தொல்லைதான்; இறக்கிய பிறகு உள்ளே உள்ள சேற்றின் உயரமும் வெளியே உள்ள உயரமும் ஒன்றா என்று அளந்து எழுதுங்கள்.

நண்டு வளைக்கு ஒரு முழத்துக்குள் குழாய் இறக்காதீர்கள். வளை, கீழே இருபது சென்டிமீட்டருக்கும் காற்றைக் கொண்டுபோகும் குழாய். அதைச் சுற்றி அடுக்கெல்லாம் தலைகீழாக இருக்கும். வளையே உங்கள் கேள்வி என்றால் அது தனித் திட்டம், நல்ல திட்டமும்கூட.

குழாய் இறங்கியதும் மேல் அடைப்பானை இறுக்கி, மெதுவாக ஆட்டி, கையைச் சேற்றுக்குள் விட்டுக் கீழ் முனையை உள்ளங்கையால் பொத்தி மேலே எடுங்கள். முழங்கை வரை கருப்பாகும்; வாடை இரண்டு நாள் போகாது. வீட்டார் சாப்பாட்டுத் தட்டை எட்ட வைத்தே நீட்டுவார்கள். செருப்போடு இறங்காதீர்கள், சேறு உருவிக்கொள்ளும். மூச்சுவேரும் சிப்பியும் வெறுங்காலைக் கிழித்துவிடும். கணுக்கால் மூடிய கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டுங்கள்.

வெட்டுவதைப் படகிலேயே முடித்துவிடுங்கள். அடியிலிருந்து தண்டால் தள்ளி, மேலே வருவதை ஸ்பேட்டுலாவால் சீவி எடுக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தை அரை சென்டிமீட்டர் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். குழாய்ச் சுவர் மேல்சேற்றைக் கீழே இழுத்துப் பூசியிருக்கும். ஆழத்தில் "எதிர்பாராத விதமாக" அமோனியா ஆக்சிஜனேற்றிகளைக் கண்டுபிடித்ததாக வரும் முடிவுகள் சிலவற்றுக்கு இந்தப் பூச்சுதான் காரணம் என்பது என் சந்தேகம். துண்டுக்கு நான்கு சிறு குழாய் நிரப்புங்கள்: இரண்டு டிஎன்ஏவுக்கு, இரண்டு இருப்புக்கு.

மூடியில் மட்டும் பெயர் எழுதாதீர்கள். மூடிகள் இடம் மாறும். பக்கத்திலும் பென்சிலால் எழுதிய ஒட்டுத்தாள் இருக்கட்டும். மார்க்கர் மை ஈரத்திலும் ஆல்கஹாலிலும் கரையும்.

6. கரையேறுவதற்கு முன் அளக்க வேண்டியவை

டிஎன்ஏ மட்டும் இருந்தால் உங்களிடம் பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கும். அந்தப் பெயர்கள் அங்கே என்ன செய்கின்றன என்று சொல்லச் சேற்றின் வேதியியல் வேண்டும். உப்புத்தன்மை, வெப்பநிலை, கார அமில நிலை, ரெடாக்ஸ் மின்னழுத்தம் (சேறு எவ்வளவு ஆக்சிஜனற்றது என்று காட்டுவது) ஆகியவற்றை அங்கேயே அளக்கலாம். மீத்தேனுக்கு, துண்டான உடனே 3 மில்லி சேற்றைக் கண்ணாடிச் சீசாவில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் போட்டு அலுமினிய மூடியால் இறுக்குங்கள். அங்கேயே நுண்ணுயிர் நின்றுவிடும், வாயு மேலே தங்கும். கல்லூரிக்கு எடுத்துச் சென்று செய்யலாம் என்று ஒத்திப்போட்டால் மீத்தேன் பறந்திருக்கும்.

சல்பேட் அளக்க, சேற்றுத் துகள்களுக்கு நடுவே உள்ள இடைநீரைப் பிரித்து வடிகட்டியதும் துத்தநாக அசிட்டேட் சேருங்கள். சேர்க்காவிட்டால் சல்பைடு காற்றுப்பட்டு சல்பேட்டாக மாறி, அடியாழத்தில் இல்லாத சல்பேட்டை இருப்பதாகக் காட்டும். கரிமக் கார்பனை டைகுரோமேட் முறையில் அளக்கிறீர்கள் என்றால், சேற்றிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்னும். வெள்ளி சல்பேட் சேர்க்காமல் செய்தால் கார்பன் கூடுதலாகவே வரும். வயல் மண்ணுக்கு எழுதிய செய்முறையை உப்புச் சேற்றுக்கு அப்படியே எடுப்பதால் வரும் வினை.

குளிர்: கட்டி ஐஸில் நான்கைந்து மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் உலர்பனி. உலர்பனிப் பெட்டியோடு காரில் போகும்போது கண்ணாடியை இறக்கிவையுங்கள். கரியமில வாயு மூடிய காரில் ஆளை மயக்கிவிடும். ஊருக்கு வந்ததும் மைனஸ் 80. அது இல்லாமல் மைனஸ் 20தான் என்றால், தானாகப் பனிநீக்கும் வீட்டுவகை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அது பனியை உருக்க அவ்வப்போது சூடேறும். உங்கள் மாதிரி தினமும் கொஞ்சம் உருகி உறையும்.

7. டிஎன்ஏ பிரிப்பு

பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் ஆர்க்கியாவிடம் பலிக்காது. அவற்றின் சுவரில் அது வெட்டும் பொருளே இல்லை. நொதியை மட்டும் நம்பிய பழைய செய்முறையில் ஆர்க்கியா உடையாமலே குப்பைக்குப் போகும். மணிகளோடு குலுக்கி உடைக்கும் முறையே வேண்டும். ஈரச் சேறு 0.25 கிராம் போதும். நிறையப் போட்டால் நிறைய வரும் என்பது இங்கே பொய். கூடுதல் சேற்றோடு, மட்கிய இலையிலிருந்து வரும் ஹியூமிக் அமிலமும் கூடுதலாக வந்து பிசிஆரை (டிஎன்ஏவைப் பெருக்கும் வினையை) முடக்கும்.

பிரித்தெடுத்த டிஎன்ஏ கரைசல் டீ நிறத்தில் இருந்தால் அதுதான் ஹியூமிக். 260, 230 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/230) சரிந்திருக்கும். ஹியூமிக் 260இலும் ஒளியை உறிஞ்சுவதால் ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப் கருவி காட்டும் அளவை நம்பவேண்டாம். டிஎன்ஏவோடு ஒட்டி ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் க்யூபிட் கருவியில் அளந்தால் பாதிகூட இருக்காது. பிசிஆர் பட்டை வரவில்லை என்றால் உடனே கூடுதல் டிஎன்ஏ ஊற்றாதீர்கள். பத்தில் ஒன்றாகக் கரைத்துப் போடுங்கள், மாட்டு அல்புமின் கொஞ்சம் சேருங்கள். எனக்கு ஒன்பது மாதிரியில் ஏழு அப்படித்தான் வந்தன.

8. பிரைமர்: மொத்த ஆய்வும் இங்கே கவிழும்

சீக்வென்சிங் நிறுவனத்திடம் "16எஸ்" (யார் யார் என்று அடையாளம் காட்டும் ரைபோசோம் மரபணு) என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் 341எஃப்–805ஆர் இணையில் ஓட்டிவிடுவார்கள். பாக்டீரியாவுக்கு அருமையானது. அதன் முன்பிரைமர் ஆர்க்கியாவோடு சரியாகப் பொருந்தாது. என் ஒரு சதவீதக் கதை இதுதான். விண்ணப்பப் படிவத்தில் பிரைமரின் பெயரை எழுதி, எழுத்து வரிசையையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று திருத்தப் பதிப்புகள் உலவுகின்றன.

பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் சேர்ந்து வேண்டும் என்றால் 515எஃப்–806ஆர் இணையின் திருத்திய பதிப்பு. துண்டு சிறியது, ஏறத்தாழ 290 எழுத்து. 250 எழுத்து இருபக்க ஓட்டம் வசதியாக மேற்பொருந்தும். ஆர்க்கியா மட்டும் போதும் என்றால் 519எஃப்–915ஆர் அல்லது 349எஃப்–806ஆர். இந்த இரண்டாவது நீளமானது. 250 எழுத்து ஓட்டத்தில் நடுவே மேற்பொருந்தும் பகுதி குறைவு. 300 எழுத்து ஓட்டம் கேளுங்கள். பொது பிரைமரில் ஆர்க்கியாவின் பங்கு சிறியதாகவே இருக்கும் என்பதால் மாதிரிக்கு ஒரு லட்சம் வரிசை கேட்பது நல்லது.

பெயரை விட்டு அவை செய்யும் வேலையை நேரடியாகத் தொட, மீத்தேனுக்கு எம்சிஆர்ஏ (mcrA) மரபணு, அமோனியாவுக்கு அமோ-ஏ (amoA) மரபணு. முதல் திட்டத்தில் இரண்டில் ஒன்றை எடுத்தால் போதும்.

கட்டுப்பாட்டுக்கு விலைக்கு வாங்கும் உயிர்க்கலவையின் உள்ளடக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பரவலாக விற்கும் ஒரு கலவையில் எட்டு பாக்டீரியாவும் இரண்டு ஈஸ்ட்டும்தான் உண்டு. ஆர்க்கியா ஒன்றுகூட இல்லை. மெத்தனோபிரெவிபேக்டர் சேர்ந்த குடல் கலவை கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

9. கணினி

16 ஜிபி நினைவகம் உள்ள கணினி, வரிசைகளை அலசும் சைம்-2 (QIIME 2) மென்பொருள், அதற்குள் பிழை வரிசைகளைக் களையும் டாடா-2 (DADA2). வரிசைக்கு உயிரின் பெயர் சூட்டும் வகைப்பாட்டுக் கருவியை நீங்களே பயிற்றுவிக்கப் போனால் நினைவகம் திணறும். ஆயத்தமாகக் கிடைப்பதை இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்கள் சைம் பதிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புரியாத பிழைச்செய்தியோடு நின்றுவிடும். இரண்டு நாள் அழுதுவிட்டு நான் கண்டுபிடித்தது இது. 515–806 துண்டுக்கான கருவியை 519–915 வரிசைக்கு ஓட்டாதீர்கள். பிழைச்செய்தி வராது, தப்பான விடை வரும்.

பெயர்க் குழப்பம் தனி. சில்வா என்ற வரிசைத் தரவுத்தளத்தின் 138ஆம் பதிப்பில் கிரெனார்க்கியோட்டா என்று வருவது ஜிடிடிபி என்ற இன்னொரு தளத்தில் தெர்மோபுரோட்டியோட்டா. யூரியார்க்கியோட்டா என்ற பழைய பெரிய வீடு ஹாலோபாக்டீரியோட்டா, மெத்தனோபாக்டீரியோட்டா, தெர்மோபிளாஸ்மாட்டோட்டா என்று பாகம் பிரிந்துவிட்டது. எந்தத் தளம், எந்தப் பதிப்பு என்பதை எழுதிவிட்டு ஒன்றிலேயே நில்லுங்கள். பழைய கட்டுரையோடு ஒப்பிடும்போது பெயர் மாறியதைச் சமூகம் மாறியதாக எழுதிவிடாதீர்கள்.

10. பெயரைப் பார்த்துத் தொழிலைச் சொல்லாதீர்கள்

ஏஎன்எம்இயும் மீத்தேன் ஆக்கிகளும் நெருங்கிய உறவினர். ஒரே பாதையை ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் நடக்கிறார்கள். இருவரிடமும் எம்சிஆர்ஏ உண்டு. அந்த மரபணு கூடினால் மீத்தேன் கூடுகிறது என்று எழுத முடியாது. அதனால்தான் சீசாவில் மீத்தேன் பிடிக்கச் சொன்னேன். பாத்தியார்க்கியா பெரிய கூட்டம். அதில் ஒரு கிளை லிக்னினோடு வளர்வதைக் கிழக்குச் சீனக் கடல் சேற்றில் காட்டியிருக்கிறார்கள், வேறு கிளையில் மீத்தேன் மரபணுக்களே கிடைத்திருக்கின்றன. "பாத்தியார்க்கியா மிகுதி, ஆகவே மரச் சிதைவு" என்ற வாக்கியம் என் வரைவிலும் இருந்தது. நெறியாளர் சிவப்பில் வட்டமிட்டார்.

நைட்ரோசோபியூமிலஸ் கருப்புச் சேற்றில் கிடைத்தால் நான்கு சாத்தியம்: குழாய்ச் சுவர்ப் பூச்சு, நண்டு வளை, செத்த செல்லின் மிச்ச டிஎன்ஏ, அல்லது உண்மையிலேயே அங்கே பிழைத்திருப்பது. கடைசியானதை ஒதுக்கிவிட முடியாது. காற்றில்லாதபோது அது தானே சிறிதளவு ஆக்சிஜன் உண்டாக்கிக்கொள்வதை 2022இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். நான்கையும் எழுதிவிட்டு, எதை உங்கள் தரவு விலக்குகிறது என்று சொல்லுங்கள். சதவீதங்களையும் அப்படியே அளவாக வாசிக்காதீர்கள். பெரும்பாலான ஆர்க்கியாவில் 16எஸ் மரபணு ஒன்றோ இரண்டோ பிரதிதான். பாக்டீரியாவில் அதைவிட அதிகம் இருப்பது சகஜம். ஆர்க்கியாவின் பங்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே தெரியும்.

11. கால அட்டவணையும் மிச்சச் சேறும்

ஆகஸ்டில் அனுமதி விண்ணப்பமும் கிட் ஆர்டரும். நவம்பரில் ஒரு நாள் வெறும் ஒத்திகை: கல்லூரிக் குளத்துச் சேற்றில் குழாய் இறக்கி வெட்டிப் பழகுங்கள். ஜனவரி இறுதி அமாவாசையில் களம். பிப்ரவரியில் டிஎன்ஏ. சீக்வென்சிங் நான்கு வாரம் என்பார்கள், ஆறு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் கணினி. ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிக்க வேண்டிய இறுதிப் பருவத் திட்டத்துக்குள் இது முழுதாக அடங்காது; முந்தைய பருவத்திலேயே அனுமதி வாங்கிவைத்தவர்கள்தான் முடிக்கிறார்கள்.

மூல வரிசைகளை என்சிபிஐ (NCBI) பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது ஆழம், உப்புத்தன்மை, தேதி, அட்சரேகை எல்லாம் கேட்பார்கள். கட்டுரை அனுப்பும் இரவில் தேடாமல் களத்திலிருந்து திரும்பிய அன்றே ஒரு அட்டவணையில் தட்டச்சு செய்துவையுங்கள். இருப்புக்கு வைத்த சிறு குழாய்களைத் தனிப் பெட்டியில், இடம், ஆழம், தேதி எழுதி, ஃப்ரீசரின் எந்தத் தட்டு என்பதைத் துறைப் பதிவேட்டிலும் குறித்துவிட்டுப் போங்கள். எனக்கு முன்னால் படித்த அக்கா ஒருவர் விட்டுச்சென்ற பெட்டி எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது. நாற்பது குழாய், எல்லாவற்றிலும் நல்ல கருப்புச் சேறு, மூடிகளில் 1 முதல் 40 வரை எண். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.